ஒரு கை தூரத்தில் மூச்சக்கா

தலையணை உறைக்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு மூச்சக்கா சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஏதோ அகப்பட்டுக்கொண்டு வெளியே வர வழி தேடுவதுபோல் உறை நெளிகிறது. எதிர் நாற்காலியில் கணவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வெளியே நல்ல வெயில். மரத்தடியில ஒரு குழந்தை ஓடுது" என்கிறார். உறைக்குள் சக்கரம் திரும்பும் சத்தம் நாலைந்து முறை கேட்கிறது. "ஆச்சு" என்று மூச்சக்கா கேமராவை வெளியே எடுக்கிறார். இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். வேகம் சரி, வெளிச்சம் சரி, ஃபோகஸ் மட்டும் தவறு. "குழந்தை தப்பிச்சிடுச்சு. பாத்திரம் இன்னைக்கு உன் பங்கு" என்கிறார் கணவர். அவர் ஒரு காட்சி சொல்ல, இவர் பார்க்காமலே கேமராவை அதற்கேற்பத் திருப்பிவைக்கும் இந்த ஆட்டம், பின்னறையில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றி நிற்கும்வரை தினமும் உண்டு.

"பட்டனைத் தேடிட்டிருந்தா ஆளை எப்பங்க பார்க்கறது? கை அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கணும், கண்ணு அது பாட்டுக்கு ஆளைப் பார்க்கணும்" என்பது மூச்சக்காவின் கட்சி. கேமரா வாங்கிய பலபேர் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பிரிப்பதுகூட இல்லை. மூச்சக்கா அதைப் படித்துவிட்டு, அதை எழுதியவருக்குக் கை சின்னதா பெரியதா என்று யோசிக்கிற ரகம்.

மூச்சக்கா என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். எக்ஸ்ரே பிரிவில் இருபத்து மூன்று வருடமாக வேலை செய்கிறார். "மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... அப்படியே... அப்படியே... விடலாம்." ஒரு நாளைக்கு எண்பது தடவையாவது இதைச் சொல்கிறார். வாசல் காவலாளியிலிருந்து தலைமை மருத்துவர் வரை யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. அவருக்கும் அதில் வருத்தம் இல்லை.

அந்த அறையில் அவர் செய்கிற ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். நெஞ்சுப் படம் எடுக்க வருகிறவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பலகையைக் கட்டிப்பிடித்தபடி நிற்க வேண்டும். பலகை சில்லென்று இருக்கும். ஒவ்வொருவர் வருவதற்கு முன்பும் மூச்சக்கா இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்து, பலகையில் நெஞ்சு படும் இடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. நோயாளிகளில் பாதிப்பேருக்கு அது நடந்ததே தெரியாது.

இப்படிப்பட்டவர் ஒரு கேமராவைத் தேர்ந்தெடுக்கப் பதினொரு மாதம் எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன? மதிய சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியில் கேமரா விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். கடைசியில் அலுத்துப்போனார். "ஒருத்தன் தலையில தூக்கி வெச்சு ஆடறான், இன்னொருத்தன் அதையே காயலான் கடையில போடுங்கறான். சரி, ரெண்டு பேரும் என்ன எடுத்தாங்கன்னு பார்த்தா, செங்கல் சுவரு! இத்தனை பெரிய கேமராவுல எடுக்கறதுக்கு ஒரு மனுஷன் கிடைக்கலையா?"

அதன்பின் சனிக்கிழமை தோறும் கேமராக் கடைக்கே நேரில் போனார். கடைக்காரர் பொறுமைசாலி. கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றின் பெருமையையும் எண்களாக அடுக்குவார். மூச்சக்கா கேட்டுக்கொண்டே கண்ணை மூடிக் கேமராவைக் கையில் வாங்குவார். "நம்பரெல்லாம் அப்புறம் சொல்லுங்க சார். என் கட்டைவிரல் எங்க போய் உட்காருதுன்னு முதல்ல பார்த்துக்கறேன்." கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழே குனிந்து, கிடக்காத பேனாவைப் பொறுக்குவார். நிமிரும்போது கேமரா பல்லில் இடிக்கிறதா என்று பார்க்கத்தான். ஒன்றை அதன் சத்தத்துக்காக ஒதுக்கினார். "கன்னத்துல அறையற மாதிரி இருக்கு. எடுத்தா எதிர்ல இருக்கறவங்க திடுக்குனு ஆயிடுவாங்க." இன்னொன்று ஆண்பிள்ளைக் கைக்கு அளவெடுத்தது. மற்றொன்று எதற்கெடுத்தாலும் திரையைத் தடவச் சொன்னது. நாலாவது மாதத்தில் கடைக்காரர் அவருக்கென்று ஒரு முக்காலி போட்டுவிட்டார். பக்கத்துக் கடைக்காரரிடம், "இந்தம்மா கேமரா வாங்க வரலைய்யா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தாராம்.

மாப்பிள்ளை அமைந்தது. பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை, கட்டைவிரல் போய் உட்கார ஒரு சின்னப் பள்ளம், மெத்தென்ற சத்தம். ஆனால் பதினொரு மாதம் அங்குலம் அங்குலமாகப் பார்த்தவர் லென்ஸ் விஷயத்தில் பதினொரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கடைக்காரர் எடுத்து வைத்த மூன்றில், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துவரும் நீளமான ஒன்றைச் சட்டென்று கையில் எடுத்துக்கொண்டார். ஏன் அதை எடுத்தார் என்று அவருக்கே அன்று தெரியாது.

பழகினார், அசுரத்தனமாகப் பழகினார். வெளிச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு எவர்சில்வர் டம்ளரை ஜன்னலோரம் வைத்து, காலை ஆறு மணிக்கு, பத்து மணிக்கு, மழை நாளில், மப்பு நாளில் என்று இரண்டு மாதம் எடுத்தார். அந்த டம்ளருக்கு வாழ்க்கை வரலாறே எழுதலாம். படங்களில் அது ஜொலித்தது. மனிதர்கள்தான் சரியாக வரவில்லை.

குற்றம் என்னவென்று கண்டுபிடித்தவர் கணவர். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் விடமாட்டார். உறவினர் வீட்டுப் பிறந்தநாளில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, எல்லாப் படத்துலயும் ஓரத்துல ஒரு பழுப்புக் கோடு வருதே, அது என்ன?" என்றார். பார்த்தார்கள். கதவு நிலை. அடுத்த படத்தில் தூண். அதற்கடுத்ததில் பீரோ. ஒரு படம்கூட மறைவில்லாமல் நின்று எடுத்ததாக இல்லை.

மூச்சக்கா தன் கால்களையே வெறித்துப் பார்த்தாராம். எக்ஸ்ரே அறையில் நோயாளியை நிறுத்திவிட்டு, ஈயம் பதித்த தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுதான் பட்டனை அழுத்த வேண்டும். இருபத்து மூன்று வருடம், நாளைக்கு எண்பது முறை. விரல் பட்டனுக்குப் போனால் கால் தானாக மறைவிடம் தேடுகிறது. "நான் போகலைங்க. கால் போகுது" என்றார். போதாக்குறைக்கு, கிளிக் செய்யும் முன் வாய் தன்னையறியாமல் "மூச்சைப் பிடிங்க" என்றும் சொல்லியிருக்கிறது. அந்தப் பிறந்தநாள் படங்களில் பாட்டன் முதல் பேரன் வரை அத்தனை பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கன்னம் உப்பி, குளத்தில் குதிக்கப்போகிறவர்களைப் போல் நிற்கிறார்கள்.

கடைக்காரரிடம் போய் ஒளிக்காமல் சொன்னார். அவர் ஒரு குட்டி லென்ஸைக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குவது, கிட்டே கொண்டுவரும் வித்தையெல்லாம் தெரியாதது. "இதுல முகம் வேணும்னா நீங்கதான் கிட்ட போகணும். ஒரு வாரம் வெச்சுப் பாருங்க." மூச்சக்கா இரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேணாம் சார். ரொம்பக் கிட்டக் கூட்டிட்டுப் போகுது. அவங்க என்னைப் பார்க்கறாங்க."

இந்த இடத்தில் அவருடைய நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் அக்கா, இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் தன் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை நம்பி ஊரையே ஓட்டவிடுகிறவர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வைத்த பெயர் பிரேக் மேடம். வாய்க்குப் பூட்டே கிடையாது. மூச்சக்கா கல்யாணமாகி வந்த முதல் வாரமே, "என்னடா இது, இவ பேசறதைக் கேட்கறதுக்கு ஸ்டெதாஸ்கோப் வைக்கணும் போலிருக்கே" என்றவர். மூச்சக்காவும் பதிலுக்கு, "உங்களுக்குக் கேட்க நேரம் இருந்தா சொல்லுங்க அண்ணி, வாங்கித் தரேன்" என்றார். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

போன மழைக்காலத்தில் நாத்தனாருக்குப் பல்வலி என்று ஆரம்பித்தது. வலப்பக்கக் கீழ்த்தாடை. பல் டாக்டர் படம் எடுத்து வரச் சொல்ல, நாத்தனார் நேரே மூச்சக்காவிடம் வந்தார். தலையைச் சுற்றிவரும் இயந்திரத்தில் நிறுத்தி, குச்சியைக் கடிக்கச் சொல்லி, தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தி, மூச்சக்கா சுவருக்குப் பின்னால் போய்ப் பட்டனை அழுத்தினார். திரையில் படம் வந்தது. தாடை எலும்பில் ஒரு இடம் அரித்துப்போய்க் கறுத்திருந்தது. படம் எடுக்கிறவர்கள் எதையும் சொல்லக் கூடாது. அது டாக்டரின் வேலை. வெளியே வந்து, "டாக்டர் சொல்லுவார் அண்ணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நாலு பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் சொன்னார். புற்று, தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும். உயிருக்குப் பயமில்லை. ஆனால் முகம் ஒரு பக்கம் உள்வாங்கிவிடும். பேச்சும் சாப்பாடும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். ஒன்பது நாளில் அறுவை சிகிச்சை. அன்று மாலை தம்பி வீட்டுக்கு வந்த நாத்தனார் அழவில்லை. கைப்பையைத் துழாவி ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"இத்தனை வயசுல என் மூஞ்சி இதுல மட்டும்தான் இருக்கு. பாரு, பேங்க்கைக் கொள்ளையடிச்சவ மாதிரி. மத்த போட்டோ எல்லாத்துலயும் எவனையாவது திட்டிட்டு இருக்கேன், இல்ல பின்னந்தலை தெரியுது." பிறகு மூச்சக்காவைப் பார்த்து, "உன்கிட்டத்தான் பெரிய பீரங்கி இருக்கே. இந்த மூஞ்சி இருக்கறப்பவே உருப்படியா ஒண்ணு எடுத்துக் குடு. நான் இப்படித்தான் இருந்தேன்னு எனக்கே காட்டறதுக்கு வேணும்" என்றார்.

மறுநாளே முயன்றார்கள். அண்ணி உட்கார முக்காலி, நீள லென்ஸ், பின்னால் வெள்ளைத் துணி. மூச்சக்கா கூடத்தின் அந்தக் கோடியில், சமையலறை வாசல் மறைவில். அறுபத்தெட்டுப் படம். அறுபத்தெட்டிலும் உரிமத்தில் இருந்த அதே கொள்ளைக்காரி, கூடுதல் வெளிச்சத்தோடு. "துப்பாக்கியால சுடறவன்கூட இவ்வளவு தூரத்துல நிக்கமாட்டான்" என்று நாத்தனார் எழுந்து போய்விட்டார். மூச்சக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. பொத்தான்கள் எல்லாம் விரல் நுனியில் இருந்தன, வெளிச்சம் சரியாக இருந்தது. ஆனால் அண்ணி மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. இன்னும் எட்டு நாள்.

கடை திறக்கும் முன்பே போய் ஷட்டரருகே நின்றார். "அந்தக் குட்டி லென்ஸ் இருக்கா சார்?" கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஐந்து நாட்கள் அந்த வீட்டில் கணவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முகம் மழிக்கும்போது, செருப்புத் தைக்கும்போது, தும்மும்போதெல்லாம் ஒரு கை தூரத்தில் கேமரா நின்றது. பின்வாங்கக் கூடாது என்பதற்காக மூச்சக்கா எப்போதும் முதுகை எதிலாவது முட்டுக்கொடுத்துக்கொண்டார்: குளிர்சாதனப் பெட்டி, குளியலறைக் கதவு, அலமாரி. "உன் முதுகு பட்டுப் பட்டு ஃபிரிட்ஜ் அரை அடி நகர்ந்துடுச்சு" என்று கணவர் முறையிட்டார். முதல் நாள் படங்கள் ஆடிப்போயிருந்தன. அத்தனை கிட்டத்தில் நின்று ஒருவர் கண்ணைப் பார்க்கும்போது கை நடுங்கியது. கல்யாணமாகி இருபது வருடமான கணவரின் கண்தான். "உங்க இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கே, அது எப்ப வந்தது?" என்று கேட்டார். "நீ இங்க வர்றதுக்கு முன்னாடியே" என்றார் அவர். நாலாம் நாள் நடுக்கம் அடங்கியது. ஐந்தாம் நாள் "மூச்சைப் பிடிங்க" என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.

எங்கே எடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். "உங்க கார்ல அண்ணி." பயிற்சிக் கார், மைதானத்தின் ஓரம், சாயங்கால வெளிச்சம். நாத்தனார் வழக்கமான பயிற்சியாளர் இருக்கையில். மூச்சக்கா ஸ்டியரிங்குக்குப் பின்னால், கதவைச் சாத்திக்கொண்டு. அதற்கு மேல் ஒதுங்க அங்கே இடமே இல்லை. கேமராவை உயர்த்தினார். பழக்கதோஷம், உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. முழங்கை பட்டு ஹார்ன் அலறியது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்டி, என்னைப் படம் எடுக்கறியா, ஊருக்குத் தண்டோரா போடறியா?"

சிரித்து ஓய்ந்தபின் நாத்தனார் முன் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அன்னைக்கே பார்த்துட்ட, இல்ல?"

மூச்சக்கா கேமராவைக் கீழே இறக்கவில்லை. "பார்த்தேன் அண்ணி."

"தெரியும். படம் எடுத்து முடிச்சதும் வாசல் வரைக்கும் வந்து என் செருப்பைத் திருப்பி வெச்ச பாரு, அப்பவே தெரிஞ்சுடுச்சு. இருபது வருஷத்துல ஒரு நாள் என் செருப்பைத் தொட்டிருப்பியா நீ?"

"சொல்லக் கூடாது அண்ணி. எங்க வேலையில சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் எனக்குச் சோறே இறங்கலை."

"இப்ப சொல்லிட்டல்ல."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அவர் திரும்பினார். தப்பான பக்கம் திரும்பப்போகிற மாணவனை, அவன் திரும்புவதற்கு ஒரு நொடி முன்பே கண்டுகொண்டு பார்ப்பாராமே, அந்தப் பார்வை: ஒரு புருவம் மட்டும் ஏறியிருக்கிறது, நாக்கு வலக்கன்னத்தை உள்ளிருந்து முட்டிக்கொண்டிருக்கிறது, திட்டப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று சொல்ல முடியாது. கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டியிருக்கிறது. மூச்சக்காவின் விரல்கள் பார்க்காமலே சக்கரத்தைத் திருப்பின. முதுகு கதவை விட்டு முன்னால் வந்தது. மெத்தென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மூன்றாவதை அவர் எடுக்கவில்லை. கேமராவின் பின்புறம் நனைந்திருந்ததால் துடைக்க வேண்டியிருந்தது.

தன் வீட்டுக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நாத்தனார் அந்த இரண்டு படங்களையும் சின்னத் திரையில் மாறி மாறிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இவதான்" என்றார். "இவகிட்டதான் அத்தனை பேரும் வண்டி கத்துக்கிட்டானுங்க." கொஞ்ச நேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். எத்தனையோ பேர் எடுத்த எத்தனையோ முகங்களைப் பார்த்தவன் நான். இப்படிப் பார்க்கிறவரையே திருப்பிப் பார்க்கும் முகம் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு நாத்தனார் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். "ஆச்சு. இதோட இதை மூடி வெச்சுடு. அடுத்த வாரம் வரப்போற மூஞ்சி எனக்கே வேணாம். அந்தப் பக்கம் இதைத் திருப்பினே, எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிட்டேன்."

மூச்சக்கா கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டார். கேமராவின் அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்து பேட்டரியை எடுத்தார். பையிலிருந்து சார்ஜரை எடுத்து, நாத்தனாரின் தலைமாட்டுச் சுவரில் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று தேடி, மாட்டி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு பேட்டரி இல்லாத கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பினார்.